சேலாற்றுப் பாலத்தின் நிழல்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் காலையில், வேலாம்புதூருக்கும் கோட்டைமேட்டுக்கும் நடுவே ஓடுகிற சேலாற்றின் மேல், கட்டப்படாத பாலத்தின் நிழல் வந்து விழுந்தது. அதை முதலில் பார்த்தவள் ரோகிணி. அக்கரையில் இருக்கும் அரசுக் கல்லூரிக்குப் போகப் பரிசலுக்காகக் காத்து நின்றவளின் காலடியில் தொடங்கி, தூண் தூணாக, கைப்பிடிச் சுவரும் விளக்குக் கம்பமுமாக, அந்த நிழல் தண்ணீர் மேல் நீண்டு போய் எதிர்க்கரை மணலில் ஏறிக் கிடந்தது. மேலே வானம்தான் இருந்தது, அதில் ஒரு பருந்து.

பரிசல்காரர் மாரப்பன் துடுப்பை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாரப்பண்ணா, இது என்னுங்க?" என்றாள் ரோகிணி.

"பாலத்து நெழலாட்டம் இருக்குதுங் அம்மிணி."

"பாலம் எங்கீங்க?"

"அது இன்னும் வரலியே. ஏறுங்க, உங்களுக்கு நேரமாச்சு."

நிழலுக்குள் பரிசல் நுழைந்ததும் வெயில் தணிந்தது. ரோகிணி கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டாள். அங்கே மட்டும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது.

இரண்டு ஐப்பசிக்கு முன்னால் இதே இடத்தில்தான், ஆற்றில் செம்மண் வெள்ளம் புரண்டு வந்த ஒரு நாளில், பரீட்சைக்கு நேரமாகிறது என்று பிள்ளைகள் நெருக்கியடித்து ஏறிய பரிசல் சுழலில் சிக்கிக் கவிழ்ந்தது. மற்றவர்கள் கரையேறினார்கள். ரோகிணியின் தங்கை அனுஷா ஏறவில்லை. வேதியியல் முதலாமாண்டு, பதினேழு வயது. மலையைச் சுற்றிப் போகிற பேருந்தில் போயிருந்தால் அரை நாள் ஆகியிருக்கும், பரீட்சை முடிந்திருக்கும், ஆனால் பிள்ளை இருந்திருப்பாள் என்று அம்மா தங்கமணி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். மூன்றாம் நாள் எம்.எல்.ஏ. வெள்ளியங்கிரி வந்தார். ஆளுயர மாலையோடு வந்து, தங்கமணியின் தோளைத் தட்டி, கேமராவைப் பார்த்தபடியே, "உங்க பொண்ணுக்கு நடந்தது இனி யாருக்கும் நடக்காதுங்க. பாலம் வந்துரும்" என்றார். பாலத்துக்கு அவரே நட்ட அடிக்கல் அப்போதே ஆற்றங்கரையில்தான் நின்றுகொண்டிருந்தது. ஆடுகள் முதுகு அரித்தால் அதில் வந்து தேய்த்துக்கொண்டு போகும். அவருடைய கார் கிளப்பிய புழுதி அடங்கும்வரை ரோகிணி வாசலிலேயே நின்றாள். அந்த ஆள் சாக வேண்டும், அதுவும் தண்ணீரில், அதுவும் தன் கண் முன்னால் என்று நினைத்தாள். அந்த நினைப்பை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சோற்றோடும் தூக்கத்தோடும் அதையும் சேர்த்து வளர்த்தாள்.

நிழல் வந்த முதல் வாரம் ஊர் அதைச் சுற்றி வந்து பார்த்தது. அடுத்த வாரம் பழகிக்கொண்டது. எருமைகள் யாரும் ஓட்டாமலே நிழலுக்குள் போய் மூக்கை மட்டும் வெளியே நீட்டிப் படுத்தன. மீன்கள் வெயிலுக்கு ஒதுங்கி அங்கேயே கூடியதால் தூண்டில்காரர்கள் தூணுக்கு ஒருவராக இடம்பிடித்துக்கொண்டார்கள். பிறகு எந்தத் தூண் யாருக்கு என்று சண்டை வந்து, பஞ்சாயத்து கூடி, பெரிய தூண்களை முறை வைத்துப் பிரித்துக் கொடுத்தது. மணலில் விழுந்த பகுதியில் இளநீர்க்கடையும் நுங்குக்கடையும் வந்தன. கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளும் ஜோடிகள் வெளியூரிலிருந்து வந்து கைப்பிடிச் சுவரின் நிழலில் சாய்வதுபோலப் படுத்து எடுத்துக்கொண்டார்கள். கள் குடித்திருந்த ஒருவன் நிழல் மேலேயே நடந்து அக்கரைக்குப் போகிறேன் என்று இறங்கி, நனைந்த கோழி மாதிரி இழுத்துப் போடப்பட்டான். பாதி தூரம் போய்விட்டேன், நீங்கள்தான் கூப்பிட்டுக் கெடுத்தீர்கள் என்று அவன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பிறகு தேர்தல் அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டதால் தலைவர் சிலைகளையும் கட்சிச் சின்னங்களையும் மூடிக்கொண்டு வந்தவர்கள், இந்த நிழல் வாக்காளரைக் கவரும் செயலா என்று நின்று யோசித்தார்கள். எதற்கும் மூடிவிடுவோம் என்று முடிவாகி, கரைக்குக் கரை கயிறு கட்டி, ஆற்றின் குறுக்கே வெள்ளைத்துணி விரித்தார்கள். நிழல் துணிக்கு மேலே ஏறி, முன்னைவிடத் தெளிவாகப் படுத்துக்கொண்டது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துணியை எடுத்துருங்க, இன்னும் எடுப்பாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்.

அதற்கப்புறம் நிழல் மேல் ஆட்களின் நிழல்கள் நடக்கத் தொடங்கின.

முதலில் பால்கேன் தொங்கும் சைக்கிள் ஒன்று போனது. பிறகு, பிரசவத்துக்குக் கொண்டுபோகும் வழியில் வெள்ளத்தில் போன ஒரு கர்ப்பிணிப்பெண், இடுப்பில் கை வைத்தபடி மெல்ல நடந்து அக்கரை ஆஸ்பத்திரிப் பக்கம் போனாள். மாப்பிள்ளைக் கோலத்தில் மூழ்கிப்போன ஒருவன் தலைப்பாகையோடு போனான். கரையில் இருந்தவர்கள் நடையை வைத்து, கூனை வைத்து, கை வீசும் விதத்தை வைத்து அவரவர் ஆளை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒரு நாள் காலையில், கல்லூரிக்குப் போகிற நேரத்துக்கு, ஒற்றைத் தோளில் பை தொங்க, தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி, அவசர அவசரமாக ஒரு நிழல் போனது.

"தங்கமணியக்கா!" என்று துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் கத்தினாள். "ஓடியாங்க, உங்க அனு காலேஜுக்குப் போறா!"

தங்கமணி மாவுக்கையோடு ஓடிவந்தாள். அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் அவள் தவறாமல் கரைக்கு வந்தாள். காலையில் நிழல் அக்கரைக்குப் போகும், மாலையில் திரும்பி வரும், இக்கரை மணலைத் தொட்டதும் கரைந்துபோகும். அவளைப் போலவே ஆற்றுக்குப் பிள்ளையைக் கொடுத்தவர்கள், புருஷனைக் கொடுத்தவர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். முறுக்குச் சுட்டுக் கொண்டுவந்து பகிர்ந்து தின்றார்கள், தங்கள் ஆள் வர நேரமானால் பக்கத்தில் இருப்பவர்கள் தேற்றினார்கள். இரண்டு வருஷமாகச் சரியாகச் சாப்பிடாத தங்கமணியின் கன்னத்தில் சதை வைத்தது. ரோகிணிக்கு மட்டும் அதைப் பார்க்க முடியவில்லை. தங்கையின் நிழல் போகும்போதெல்லாம், அது போகிற அந்தப் பாலத்தில் தங்கை நிஜமாகவே போயிருக்க வேண்டியவள் என்பதுதான் அவள் கண்ணில் குத்தியது.

வெள்ளியங்கிரி ஓட்டுக் கேட்டு வந்தார். முதல் தடவை வந்தபோது, "நெழல் வந்துருச்சு, பாலம் வராமப் போயிருமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். கரையில் உட்கார்ந்திருந்த பெண்களின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனவர், இரண்டாம் தடவை வரும்போது வேறு பேச்சோடு வந்தார். வேனின் மேல் நின்று, குரல் கம்ம, மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"தாய்மாருங்களே! எதிர்க்கட்சி வக்கீலு ஜோதிலிங்கம் இங்க பாலம் கட்டறேங்கறான். கட்டினா என்ன ஆகும்? நெசப் பாலம் வந்தா நெழல் போயிரும். நெழல் போனா உங்க புள்ளைங்க போயிருவாங்க. நான் உசுரோட இருக்கற வரைக்கும் இந்த ஆத்துல ஒரு செங்கல்லு விழ உடமாட்டேனுங்க!"

பெண்கள் அழுதார்கள். தங்கமணி எழுந்து நின்று, அவர் இருந்த திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அன்றைக்கு வீட்டில் உலை கொதிக்கக் கொதிக்கத் தாயும் மகளும் சண்டை போட்டார்கள்.

"அவனையா கும்புட்டீங்க? அனுவைக் கொன்னவனைங்கம்மா!"

"எனக்கு இப்போ தெனமும் ரண்டு தரம் அவ கெடைக்கறா. அது போதுங் கண்ணு. நீ பாலம் கீலம்னு பேசி அவளை மறுபடியும் தொரத்தி உட்றாதே."

"எதிர்வீட்டுப் புள்ளை அடுத்த வருசம் காலேஜுக்குப் போறாளே, அவளும் பரிசல்லதானே போவா?"

தங்கமணி அடுப்பை ஊதினாள். ஊதி முடித்துவிட்டு, "என்ற ஓட்டு அவருக்குத்தான்" என்றாள்.

மறுநாள் ரோகிணி கல்லூரியில் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினாள். அவளுக்கும் இதுதான் முதல் சட்டமன்றத் தேர்தல். பெரும்பாலான பிள்ளைகள் பெயரே சேர்த்திருக்கவில்லை. சேர்த்தவர்கள், லீவு கிடைத்தால் தூங்கலாம் என்றார்கள். யாருக்குப் போட்டால் என்ன, எல்லாரும் ஒண்ணுதான் என்றார்கள். ஜனநாயகக் கடமை பற்றிப் பேசச் சொல்லிப் பேராசிரியர் எழுதிக் கொடுத்த பேச்சை ரோகிணி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எனக்குக் கடமையெல்லாம் இல்லைங்க. பழிதான் இருக்குது" என்றாள். "எந்தங்கச்சி இதே பெஞ்சுல உக்காந்திருந்தா. அவளைத் தண்ணில உட்டவன் மறுபடியும் ஓட்டுக் கேட்டு வர்றான். போன தடவை அவன் ஜெயிச்சது கொஞ்சூண்டு ஓட்டுல. இந்தக் காலேஜே அதைவிடப் பெருசு. நீங்க தூங்கினீங்கன்னா அவன் ஜெயிப்பான். எனக்குக் கத்தி எடுக்கத் தெரியாது, எடுத்தாலும் அவன் ஒருத்தந்தான் சாவான், இன்னொருத்தன் அதே வேன்ல ஏறி நிப்பான். இது ஒண்ணுதான் எனக்குக் கெடைச்சிருக்குது. கூட வர்றீங்களா?"

பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, "பேரு எப்படிக்கா சேக்கறது?" என்று கேட்டாள். அன்று மாலைக்குள் மரத்தடியெல்லாம் செல்போனும் கையுமாகப் பிள்ளைகள் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பெயர் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசித் தேதிக்கு முன் எல்லாம் முடிந்தது.

ஆனால் கோபம் குறுக்குவழி தேடும். ரோகிணி ஒரு செய்தியை எழுதினாள்: பரிசல் கவிழ்ந்த அன்று வெள்ளியங்கிரி குடித்துவிட்டுக் கரையில் நின்று சிரித்தார், பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அனுப்புவதற்கு முன்னால் புவியியல் படிக்கிற அப்சரிடம் காட்டினாள். அவன் பெயர் சேர்க்கும் வேலையில் அவளுக்குச் சரிக்குச் சரியாக அலைந்தவன்.

"இது நெசமா?" என்று கேட்டான்.

"அவனுக்கு இது போதாது."

"பொய்யில தோத்தான்னா, ஆயுசுக்கும் 'என்னைப் பொய் சொல்லித் தோக்கடிச்சாங்க'ன்னு சொல்லிட்டுத் திரிவான். அந்தச் சந்தோசத்தை அவனுக்கு ஏன் குடுக்கறே? நெசத்துலயே தோக்கட்டும். தப்பிக்க எடமே இருக்கக் கூடாது."

ரோகிணிக்கு அது பிடித்திருந்தது. இரக்கத்தால் அல்ல. நிஜம் இன்னும் ஆழமாக இறங்கும் என்று தோன்றியதால் அந்தச் செய்தியை அழித்தாள்.

"அப்புறம் ஒண்ணு" என்றான் அப்சர். "எங்க ஊருக்கு மேல ஒரு பாலம் இருக்குது. ரண்டு வருசத்துக்கு முன்னால கட்டுனது. அதுக்கு நெழலே இல்லை. நாங்க சிமெண்டு சரியில்லைன்னு நெனைச்சிட்டிருந்தோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கும்பலாகப் பேருந்து ஏறிப் போனார்கள். சேலாறு மலையை விட்டு இறங்குகிற இடத்தில், நெடுஞ்சாலையிலிருந்து கிளம்பி, ஆற்றைத் தாண்டி, நேரே ஒரு கல்குவாரி வாசலில் போய் முடிந்தது அந்தப் பாலம். குவாரி வெள்ளியங்கிரியின் மைத்துனருடையது. சாயங்கால வெயில் பாலத்தின் மேல் பட்டு, அது ஏதோ கண்ணாடி போலக் கீழே ஆற்றிலும் அப்படியே பட்டது. காவல்காரர் பாலத்துக்கு அடியில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைப்பிடிச் சுவரில், குவாரித் தூசிக்கு அடியில், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: வேலாம்புதூர் – கோட்டைமேடு இணைப்புப் பாலம்.

ரோகிணி தன் துப்பட்டாவால் தூசியைத் துடைத்தாள். ஊரின் பெயர் முழுவதும் தெரியும்வரை துடைத்தாள். பிறகு உட்கார்ந்து, இரண்டு வருஷமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். மற்ற பிள்ளைகள் அழவில்லை. அவர்கள் படமெடுத்து, வீட்டுக்குப் போய், அப்பாவிடமும் சித்தியிடமும் பால் ஊற்றுகிறவரிடமும் சொன்னார்கள். நம்பாதவர்களைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். வந்தவர்கள் பாலத்தைப் பார்க்கவில்லை, கீழே வெறும் தண்ணீரைத்தான் பார்த்தார்கள். நம்ம பாலத்தை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டான், நிழலை மட்டும் தூக்க முடியவில்லை என்று பேசிக்கொண்டே திரும்பினார்கள்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரம், கோட்டைமேட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றில் மாணவர்கள் எல்லா வேட்பாளர்களையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். ஜோதிலிங்கம் வந்தார். வெள்ளியங்கிரியும் வந்தார். சின்னப் பிள்ளைகள்தானே என்று சிரித்துக்கொண்டே வந்தார். கேள்விகளை வரிசையாகக் கேட்டார்கள்: விடுதித் தண்ணீர், பேருந்து, குவாரித் தூசி. எல்லாவற்றுக்கும் அவர் சமாளித்தார். கடைசியாக ரோகிணி எழுந்தாள்.

"குவாரிக்குப் போற பாலத்துல ஏனுங்க எங்க ஊர் பேரு எழுதியிருக்குது?"

"பேருல என்னம்மா இருக்குது? ஆறு ஒண்ணுதானே" என்றார் அவர்.

"சரிங்க, பேரையே கேக்கறேன். என் வீட்டுக்கு மாலையோட வந்தீங்க. செத்துப்போன எந்தங்கச்சி பேரு என்னுங்க?"

வெள்ளியங்கிரி பக்கத்தில் நின்ற உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். உதவியாளர் செல்போனைத் தடவினார். மண்டபம் முழுக்கக் காத்திருந்தது. ஜோதிலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. ரோகிணி அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுங்களா?"

அவருடைய சிரிப்பு நின்றது. "தெரியாதும்மா" என்றார்.

"அனுஷா. ரண்டு பேருமே தெரிஞ்சுக்கங்க."

வாக்குப்பதிவு அன்று கோட்டைமேட்டிலும் சுற்று ஊர்களிலும் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் யாருமில்லை. தாத்தாவைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு வேட்பாளரும் என்ன செய்தார், என்ன சொத்துக் காட்டினார், எதற்கு வாய் மூடிக்கொண்டார் என்று வரிசையில் நின்றவர்களுக்குள் பேசிப் பேசி, அதிகாரி வந்து அதட்டும்படி ஆனது. வேலாம்புதூர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தங்கமணி தனியாக வந்தாள். மகளைப் பார்த்தும் பார்க்காததுபோல உள்ளே போனாள், விரலில் மையோடு வெளியே வந்தாள், நேரே ஆற்றங்கரைக்குப் போய்விட்டாள். ரோகிணி கேட்கவில்லை.

வெள்ளியங்கிரி தோற்றார். கொஞ்சூண்டு ஓட்டில் அல்ல, மானம் போகிற அளவுக்கு. மாலையும் மேளமுமாக நன்றி சொல்ல வந்த ஜோதிலிங்கம், "இப்போ திருப்தியாம்மா?" என்று ரோகிணியைக் கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் அவள். "அவரு நாங்க யாருன்னு தெரியாமத் தோத்தாரு. உங்களுக்குத் தெரியும்."

அவர் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதமே மண் பரிசோதனைக்காரர்கள் வந்து கரையில் துளை போட்டார்கள்.

அவர்கள் வேலை செய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், வேனும் கொடியும் இல்லாமல், பரிசலில் உட்கார்ந்து வெள்ளியங்கிரி வந்து இறங்கினார். எங்கெங்கோ ஓட்டுக் குறைந்ததை அவர் பொறுத்துக்கொண்டார். தனக்காக அழுத ஆற்றங்கரைத் தெருவும் தன்னைக் கைவிட்டதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. கரையில் உட்கார்ந்திருந்த தங்கமணியின் முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் ரோகிணி இருந்தாள்.

"நீங்க என்னைக் கும்புட்டீங்களேம்மா" என்றார். "நீங்களுமா?"

தங்கமணி நிழலிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"கும்புட்டேனுங்க. உங்களுக்குத்தான் போடோணும்னு போனேன். போற வழியில இங்க வந்து நின்னேன். என்ற புள்ளை போயிட்டிருந்தா. 'அனு, சித்தத் திரும்பி அம்மாளைப் பாரு சாமி'ன்னு கூப்புட்டேன். இத்தனை நாளும் நான் அப்படிக் கூப்புட்டதே இல்லைங்க. அவ திரும்பினா. திரும்பினா, மொகமில்லைங்க. நெழலுக்கு ஏது மொகம்? கண்ணு இருக்க வேண்டிய எடத்துல கறுப்பாத் தண்ணி ஓடுது. அப்பத்தான் நீங்க எனக்கு என்ன குடுத்திருக்கறீங்கன்னு புரிஞ்சுது. அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போயி, அழுத்தினேன் பாருங்க, வெரல் நோவுற மட்டும் அழுத்தினேன்."

வெள்ளியங்கிரி திரும்பி நடந்து பரிசலில் ஏறினார். நின்றபடியே இருந்தவரை, "உக்காருங்க, ஆட்டாதீங்க" என்று மாரப்பன் அதட்டினார். முன்னே 'ஐயா' என்று கூப்பிட்ட வாய் அது.

நடு ஆற்றில் சுழல் இருக்கிற இடத்தில் பரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வெள்ளியங்கிரி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முனகுவது கரைவரை கேட்டது. ரோகிணி எழுந்து நின்றுவிட்டாள். இரண்டு வருஷமாக வளர்த்த நினைப்பு அவள் தொண்டைவரை வந்து நின்றது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் உதடு அசைந்தது.

தங்கமணி மகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வேண்டாங் கண்ணு. அவன் முழுகீறக் கூடாது" என்றாள். "நல்லா நூறு வருசம் இருக்கட்டும். தோத்தவனாவே இருக்கட்டும்."